விலைக்கு வரப்போகும் வீடுகள்

காலி வீட்டுக்குள் கைபேசி அடித்தால் ஒன்று ஒன்பதாகக் கேட்கும். ஏஜென்ட்டின் சட்டைப் பையிலிருந்து அது திடீரென்று அலறியதும், வீடு பார்க்க வந்திருந்த புதுப்பெண் “அம்மாடி!” என்று புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் ‘அக்கா’ என்று இருந்தது.

பார்ட்டி எதிரில் நிற்கும்போது போனைத் தொடக் கூடாது என்பது தொழிலில் முதல் நாள் பாடம். இந்த ஏஜென்ட் தொழிலுக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. பாடமெல்லாம் பசுமையாக ஞாபகம் இருந்தது. ஆனால் அக்கா காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறவள் அல்ல. மாமா வேறு உடம்புக்கு முடியாமல் கிடக்கிறார். எடுத்துவிட்டான்.

“உன் நோட்டு இங்க கிடக்குடா. பச்சை அட்டை போட்டது. சோபா இடுக்குல இருந்துச்சு.”

“நோட்டா?”

“இன்னிக்கே வந்து எடுத்துட்டுப் போ. சீக்கிரம் வா.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். ‘சாப்பிட்டியா’ என்று கேட்காமல் அக்கா போனை வைத்தது, அவனுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

அவன் கை தானாகத் தோள்பையைத் தடவியது. டேப் இருந்தது, விசிட்டிங் கார்டு கட்டு இருந்தது, நோட்டு இல்லை.

“சுவரெல்லாம் எப்படிங்க, கெட்டியா இருக்குமா?” புதுமாப்பிள்ளை விரலை மடக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“ஒரு வருஷம்” என்றான் ஏஜென்ட்.

“என்னது?”

“அதுக்கு மேல தாங்காது.”

சொன்ன பிறகுதான் தான் எதைச் சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அள்ள முடியுமா, சிந்தியது சிந்தியதுதான். பத்து நிமிஷம் முன்னதாக வந்து ஜன்னலெல்லாம் திறந்து, விளக்கெல்லாம் போட்டு, குளியலறையில் வாசனைத் திரவம் தெளித்து வைத்ததெல்லாம் வீண். புதுமாப்பிள்ளை மட்டும் வாசல் வரை போனவன் திரும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“பத்து ஏஜென்ட்டைப் பார்த்துட்டோம் சார். உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

*

அவன் ஒன்றும் பிறவி ஏஜென்ட் அல்ல. பிஸ்கட் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். கம்பெனிக்குப் பூட்டுப் போட்டபோது அவனுக்கு வயது நாற்பத்தாறு. அந்த வயசில் எவன் கூப்பிட்டு வேலை தருவான்? ஏறி இறங்காத படி இல்லை. கடைசியில் ஏறிய படி சாவி மேடத்துடையது.

மூன்று மேஜை போட்ட சின்ன ஆபீஸ். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. மேடம் வருவதற்கு முன்னால் அவள் சாவிக்கொத்தின் சத்தம் வரும். அதனால் அந்தப் பெயர். மூன்று மாதத்துக்குள் ஒரு வீட்டையாவது விற்பனைக்குப் பிடித்து வந்தால் நாற்காலி நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கூடவே புத்திமதியும் சொன்னாள்.

“முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. தெரிஞ்சவங்க நூறு பேரை வரிசையா எழுதுங்க.”

“நூறு பேரா? என் கல்யாணத்துக்கே அறுபது பேர்தான் மேடம் வந்தாங்க.”

“அந்த அறுபதுல ஆரம்பிங்க. முன்பின் தெரியாதவன் புது ஏஜென்ட்டை நம்பி வீட்டைக் குடுக்க மாட்டான். சொந்தக்காரன்தான் குடுப்பான், அதுவும் பாவம் பார்த்து.” மேடம் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தாள். “இன்னொண்ணு கேட்டுக்குங்க. வீடு தானா விலைக்கு வராது. வீட்டுக்குள்ள ஏதாவது நடக்கணும். கல்யாணம், மாத்தல், சண்டை, சாவு. இந்த நாலுல எது எந்த வீட்டுல நடக்கப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சவன்தான் ஏஜென்ட். மத்தவனெல்லாம் கதவைத் திறந்து விடுற ஆள்.”

“சரிங்க மேடம்.”

“மனசுல வச்சுக்காதீங்க, எழுதுங்க. மனசு பூசி மெழுகும். நோட்டு மெழுகாது.”

அவன் எழுதினான். எழுதுவது அவனுக்குப் புதிதா என்ன? பத்தொன்பது வருஷம் அதைத்தானே செய்தான்! சரக்கு, நிலைமை, காலாவதி தேதி என்று மூன்று கட்டம் போட்டுப் பழகிய கை. எந்தப் பெட்டியாக இருந்தாலும் அது எந்த மாதம் வரை தாங்கும் என்று எழுதாமல் அவன் பேனா அடுத்த வரிக்குப் போகாது. பெட்டி இருந்த இடத்தில் மனுஷர்கள் வந்து உட்கார்ந்ததை அந்தக் கை கவனிக்கவே இல்லை.

பதினொன்றாவதாக அவன் எழுதியிருந்தது இது:

‘அக்கா வீடு. மாடி, மூன்று அறை, நல்ல தெரு. மாமாவுக்குச் சிறுநீரகம், இதயமும் சரியில்லை. டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: ஒரு வருஷம். அதற்கு மேல் தாங்காது. பிறகு அக்கா தனி ஆள், பெரிய வீடு தேவைப்படாது. பேச வேண்டியது: அடுத்த ஜூன்.’

எழுதும்போது கை நடுங்கியதா? இல்லை. அடியில் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடுகூடப் போட்டிருந்தான். இப்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனுக்கு எழுதியதைவிட அந்தக் கோடுதான் அதிகமாகக் குத்தியது.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. டாக்டர் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அக்காவுக்குக் கால் பிசகியிருந்ததால் அவன்தான் மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து மாமா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். டாக்டர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, “வீட்டுல பக்குவமா சொல்லிடுங்க” என்றார். பக்குவமாகத்தான் சொல்ல நினைத்தான். வீட்டுக்கு வந்ததும் அக்கா கட்டுப்போட்ட காலோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டாக்டர் என்னடா சொன்னார்?”

“உப்பைக் குறைக்கச் சொன்னார்க்கா.”

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். நாளை மறுநாளாகி, மறுநாள் மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரமும் அக்கா மாமாவுக்கு மட்டுமல்ல, தனக்கும் சேர்த்து உப்பில்லாமலே சமைத்தாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை அவன் போயிருந்தபோது இவனுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் உப்பு கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் சோபாவில் சாய்ந்தான். அந்தச் சாய்வில்தான் நோட்டு நழுவியிருக்க வேண்டும்.

அக்கா படித்திருப்பாளா? பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும்போது அவன் ஒவ்வொரு பதில் சொல்லிக்கொண்டான். படித்திருக்க மாட்டாள், அடுத்தவர் காகிதத்தைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பிரித்திருந்தாலும் முதல் பக்கத்தோடு மூடியிருப்பாள். இல்லை, படித்திருந்தால் போனிலேயே கிழித்திருப்பாளே! ‘சாப்பிட்டியா’ என்று ஏன் கேட்கவில்லை? அடுப்பில் ஏதாவது வைத்திருந்திருப்பாள். அவ்வளவுதான். அப்படித்தான் இருக்க வேண்டும். கடவுளே, அப்படியே இருக்கட்டும்.

வாசற்படி ஏறும்போது இன்னொரு நினைப்பும் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்தது. கைப்பிடிச் சுவருக்கு ஒரு பூச்சு அடித்தால் வீடு பார்க்க எடுப்பாக இருக்கும். அவன் கன்னத்தில் அவனே ஒரு அறை விட்டுக்கொள்ளத் தோன்றியது.

*

கதவைத் திறந்தது அக்கா. கண் இரண்டும் சிவந்திருந்தது. ராத்திரி மாமாவோடு முழித்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டான்.

“வந்துட்டியா? கூடத்துக்குப் போகாதே. ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, எடுத்துட்டு அப்படியே கிளம்பு” என்றாள் கிசுகிசுப்பாக.

“ஃப்ரிட்ஜ் மேல இல்லை. இங்க இருக்கு” என்றது கூடத்திலிருந்து ஒரு குரல். “வாப்பா மாப்ளே! என்ன, வாசலோட வியாபாரமா?”

அக்காவின் முகம் சட்டென்று மாறியது. ஏஜென்ட்டின் முகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாமா ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் இருந்தார். மாடி ஏற முடியாது என்பதால் அவர் கட்டிலைக் கூடத்துக்கே இறக்கிப் போட்டு மூன்று மாதமாயிற்று. முழங்கால் மேல் தலையணை, தலையணை மேல் பச்சை நோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. முப்பது வருஷம் கோர்ட்டில் வழக்கு எண்ணைக் கூவி அழைத்த ஆள் அவர். உடம்பு பாதியாகிவிட்டாலும் குரல் மட்டும் இன்னும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

“காலையில மாத்திரை எடுக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் மேல இது கண்ணுல பட்டுது. எங்கேயோ பார்த்த கையெழுத்தா இருக்கேன்னு எடுத்தேன்.”

“குடுத்துடுங்க. அவன் தொழில் சமாச்சாரம் நமக்கு எதுக்கு?” அக்கா கையை நீட்டினாள்.

“இரு. பொழுதுக்கும் ஃபேனைப் பார்த்துட்டே படுத்திருக்கேன். இன்னிக்காவது கோர்ட்டு நடக்கட்டும்.” மாமா நோட்டை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். “உட்காரு மாப்ளே. நூறு பேர்ல எத்தனை முடிச்சிருக்க?”

“முப்பத்து மூணு மாமா.”

“பரவாயில்லையே! ஊர்ல முப்பத்து மூணு பேரு உனக்கு இன்னும் கதவு திறக்கிறாங்களா?” தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட்டு வராந்தாவில் நிற்பது போல நிமிர்ந்தார். “வரிசை எண் ஒன்று! சித்தப்பா வீடு. மகன்கள் மூவரும் தகராறு, பாகம் பிரிப்பார்கள். ஆறு மாதம்.” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “தப்பு. அவங்க விக்கவே மாட்டாங்க. வித்துட்டா சண்டை போட அவங்களுக்கு இடம் வேணாமா?”

ஏஜென்ட் சிரித்தான். சிரிப்பு என்று அவன் முகம் எதையோ செய்தது.

“அக்கா, கொஞ்சம் தண்ணி குடேன்.”

அக்கா நகரவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எண் நாலு! பழைய மேனேஜர். மகள் வெளிநாடு, பெற்றோரை அழைத்துக்கொள்வாள். ஒரு வருஷம்.” மாமா நாக்கைச் சப்புக்கொட்டினார். “அந்தப் பொண்ணு போன் பண்றதே அம்மாகிட்ட சமையல் சந்தேகம் கேட்கத்தான். கூட்டிட்டுப் போகுமாம்! எண் ஏழு! பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. புருஷனோடு பேச்சு இல்லை.”

“அடப்பாவி!” அக்காவுக்கு அடக்க முடியவில்லை. “போன வாரம்தானேடா உனக்குச் சட்டை தச்சுக் குடுத்தா? கூலிகூட வாங்கிக்கலையே!”

“அதை நான்… சும்மா…” அவன் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தான். காலர் கழுத்தை நெரித்தது.

“விடு, விடு. தொழில்னா அப்படித்தான். டாக்டர் நோயாளியைப் பார்ப்பான், வக்கீல் சண்டையைப் பார்ப்பான், உன் தம்பி எல்லாத்தையும் பார்க்கிறான்.” மாமா விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். “எண் பத்து! டிரைவிங் ஸ்கூல் நண்பன். மனைவி கர்ப்பம், இரட்டைக் குழந்தை, யாருக்கும் தெரியாது. பெரிய வீடு வேண்டும், இந்த வீட்டை விற்பான்.” நிமிர்ந்தார். “ஏம்ப்பா, யாருக்கும் தெரியாதுன்னா உனக்கு எப்படித் தெரியும்?”

“ரகசியம்னு சொன்னான் மாமா.”

“அதான் ரகசியம்னு பத்திரமா எழுதி வச்சிருக்கியாக்கும்!”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. அக்கா இரண்டு எட்டில் வந்து முதுகைத் தடவினாள். தடவிக்கொண்டே இன்னொரு கையால் நோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். “போதுங்க. மூச்சு வாங்குது பாருங்க. குடுங்க இப்படி.”

மாமா விடவில்லை. அவள் கையை மெதுவாக எடுத்து நாற்காலிக் கையில் வைத்தார்.

அடுத்தது பதினொன்று.

ஏஜென்ட் எழுந்து ஓடலாமா என்று பார்த்தான். பிடுங்கலாமா என்று பார்த்தான். நோயாளியிடம் எதைப் பிடுங்குவது? தரையில் ஒரு ஓடு பெயர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குக் கை நீட்டிய பையன்கூட அவ்வளவு குறுகியிருக்க மாட்டான்.

“எண் பன்னிரண்டு!” என்றார் மாமா. “பல் டாக்டர். மாற்றல் வரும்.”

அப்பாடா என்று அவன் நெஞ்சு முதலில் கீழே இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த ஒரு கணம் அவன் சந்தோஷப்பட்டான். தப்பித்தோம், கண்ணில் படவில்லை என்று சந்தோஷப்பட்டான்.

பிறகுதான் தலையைத் தூக்கினான்.

மாமாவின் கட்டைவிரல் அந்தப் பக்கத்தின் நடுவில் இருந்தது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன அந்தக் கையின் விரல், வரிகளை மூடி அழுந்தியிருந்தது. முப்பது வருஷத்தில் ஒரு வழக்கு எண்ணைக்கூட விட்டதில்லை என்று பெருமையடிக்கிற மனுஷர் அவர். எண்ணைத் தவற விடுகிறவரா?

தன் ஆயுசு எத்தனை மாதம் என்பதை ஒரு மனுஷன் டாக்டர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; கட்டினவள் அழுது தெரிந்துகொள்ளலாம். மச்சினனின் வியாபார நோட்டில், மாடிக்கும் மூன்று அறைக்கும் பக்கத்தில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்? காலையிலிருந்து இந்த நாற்காலியில் அதை மடித் தலையணைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதன் பிறகும் ‘வாப்பா மாப்ளே’ என்றிருக்கிறார்.

“மாமா…” என்றான். “மாமா, நான்…”

மாமா தலையை லேசாக, மிக லேசாக அசைத்தார். கண்ணால் சமையலறைப் பக்கம் காட்டினார். அக்கா மறுபடி நிலைப்படிக்குப் போய் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றது அந்தப் பார்வை. உன் வெட்கத்தை நீயே வைத்துக்கொள், அவள் முன்னால் கொட்டாதே என்றது.

“பல் டாக்டருக்கு மாத்தல் வந்தா நல்லதுதான்” மாமா குரலை உயர்த்தினார். “போன தடவை எனக்கு நல்ல பல்லைப் பிடுங்கிட்டான். வீட்டை வாங்கறவன்கிட்ட அதையும் சொல்லி வித்துடு மாப்ளே. என்ன, சிரிக்க மாட்டேங்கற?”

சிரிக்கச் சொல்லுகிறார். சிரித்தால்தான் அக்காவுக்குச் சந்தேகம் வராது. ஏஜென்ட் சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். அவனுக்கு ஈடு கொடுத்து மாமாவும் சிரித்தார். கட்டைவிரல் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

“எண் பதிமூன்று!” என்று அவர் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார்.

அக்கா வந்தாள். நோட்டைப் பிடுங்கவில்லை. மாமாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கட்டைவிரலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவே இல்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையின் மூடிய கையைப் பிரிப்பது போல, அந்த விரலைக் காகிதத்திலிருந்து நிதானமாக எடுத்தாள்.

“பதினொண்ணை ஏங்க விட்டுட்டீங்க?” என்றாள். “டாக்டர் சொன்னதை இவன் எங்கிட்ட சொல்லலை, வீடு விக்கிற நோட்டுலதான் எழுதி வச்சிருக்கான். நேத்து ராத்திரி நான் தனியா படிச்சுட்டேன், நீங்க காலையில தனியா படிச்சுட்டீங்க. இப்ப நமக்காக வாய்விட்டுப் படிங்க.”